தராசு திரும்பியிருந்த பக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கும் மேற்பார்வையும் என் வேலை. நாள் முழுக்க ஆட்களோடுதான் பழக்கம் என்பதால், உளவியலின் அடிப்படைச் சொற்களைத் தேடித் தேடிப் படித்தேன். உணர்ச்சி, மனநிலை, ஆளுமைப் பண்பு மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் பெரிய உதவி. உணர்ச்சிக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும், வந்த வேகத்தில் அடங்கிவிடும். மனநிலை காரணம் புரியாமலே நாள் முழுக்க நீடிக்கும். பண்பு வருஷக்கணக்கில் தொடர்வது. நாமோ ஒரு நாள் கோபத்தைப் பார்த்துவிட்டு 'கோபக்காரர்' என்று ஆயுசுக்கும் பேர் வைத்துவிடுகிறோம். சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் ஆளின் குணத்தின் மேலேயே காரணத்தைப் போடும் இந்தப் பழக்கத்தை 1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் ஓர் அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார்.

எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் அண்ணன் ஒருவருக்கு அப்படிப் பேர் விழுந்திருந்தது. காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம். மாலையில் சங்கிலி, துண்டு, தூள் எல்லாம் சேர்த்து எடை போட்டு வாங்குவோம். சேதாரம் போகக் குறைந்தால் கேள்வி வரும். அவர் கத்துவது அந்த நேரத்தில் மட்டும்தான். கரண்ட் போனாலும் சரி, பையன்கள் பத்து முறை சந்தேகம் கேட்டாலும் சரி, முகம் சுளிக்க மாட்டார்.

நடத்தையைப் புரிந்துகொள்ள அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிக் கவனித்தபோதுதான் தராசின் எண் எங்கள் பக்கமே திரும்பியிருப்பது கண்ணில் பட்டது. "ஏண்ணே, எடை போட்டாலே டென்ஷன் ஆயிடுறீங்க?" என்று கேட்டேன். "குறைஞ்சா என் நாணயம்தானே தம்பி போகுது!" என்றார். அப்புறம் தராசை அவர் பக்கம் திருப்பினோம். எண்ணை அவர் படிப்பார், நான் எழுதுவேன். சத்தம் வெகுவாகக் குறைந்தது.

வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1968-லேயே, ஒருவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பார் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். பின்னாளில் அவரும் யூய்ச்சி ஷோடாவும் கோடை முகாமில் சிறுவர்களைக் கவனித்தார்கள். ஒருவன் சக பையன்கள் சீண்டினால் சண்டைக்குப் போனான், இன்னொருவன் பெரியவர்கள் கண்டித்தால் சீறினான். இப்படி நடந்தால் அப்படி நடப்பான் என்ற இந்தக் கோலம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும், ஒவ்வொருவனிடமும் நிலையாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த அண்ணன்தான்.

தனக்குள் ஒதுங்கியிருக்கும் அகமுகம், நாலு பேரோடு கலந்து பழகும் புறமுகம் என்ற பிரிவை 1921-ல் கார்ல் யுங் பரவலாக்கினார். இன்றைய ஆய்வாளர்கள் அதை இரண்டு பெட்டிகளாகப் பார்ப்பதில்லை. நம்மில் பலர் நடுவில் எங்கோதான் இருக்கிறோம். முத்து கோக்கும் அக்கா ஒருவர் யாரிடமும் பேசமாட்டார், எல்லோரும் கூச்சம் என்றார்கள். கூச்சக்காரருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இவருக்குப் பயமே இல்லை. கூலி குறைந்தபோது முதலாளியிடம் நேராகப் போய்க் கேட்டவர் இவர்தான். சும்மா பேசுவதில் விருப்பமில்லை, அவ்வளவுதான்.

ஆள் எடுக்கும்போது ஆளுமைத் தேர்வு வைக்கலாம் என்று இப்போது முதலாளி வீட்டில் பேச்சு அடிபடுகிறது. எனக்குச் சம்மதமில்லை. ஒரு வாரம் பட்டறையில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.