எடை போட்டு வாங்கிய நிழற்கூரை

கடலூரிலோ புதுச்சேரியிலோ பள்ளிக்கு நிழற்கூரை போட எண்ணுபவர்கள், முன்பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு காரியத்தைக் கட்டாயம் செய்துவிட வேண்டும். கடைக்காரர் காட்டும் துணியிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டை வெட்டி வாங்கி, அதன் பின்புறம் தேதியுடன் அவருடைய கையொப்பத்தையும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் பள்ளியின் பணத்தைக் காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு துண்டுதான்.

எங்கள் பள்ளி கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்ட புங்கமரம், 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. அதன் பிறகு கட்டிய பச்சை வலை வெயிலை ஓரளவு தடுத்தது. மழையைத் தடுக்கவில்லை, கடற்காற்றில் ஓரம் ஓரமாகக் கிழியவும் தொடங்கியது. கீற்றுப் பந்தல்தான் குளிர்ச்சி, செலவும் குறைவு என்று பெற்றோர் சிலர் சொன்னார்கள். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு, எந்தப் பள்ளியிலும் கீற்றைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. மடக்குக் கூடாரம் விளையாட்டு விழாவுக்குப் போதும், அன்றாடப் பயன்பாட்டுக்குத் தாங்காது. ஆகவே இரும்புச் சட்டத்தின் மேல் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி என்று முடிவானது. தாளாளர் ஒப்புதல் தந்தார், முன்னாள் மாணவர்கள் பாதித் தொகையை ஏற்றுக்கொண்டார்கள்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. 20 அடிக்கு 30 அடி என்று எல்லோருக்கும் ஒரே அளவைத்தான் கொடுத்திருந்தோம். ஒருவர் அடித்தளத்தைச் சேர்க்கவில்லை, இன்னொருவர் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை, மற்றொருவர் வண்டி வாடகையைக் கடைசி வரியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே, முதலில் மலிவாகத் தெரிந்தவர் உண்மையில் மலிவானவர் அல்லர் என்பது விளங்கியது. இறுதியில் புதுச்சேரியில் உள்ள ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவர்கள் காட்டிய மாதிரி 750 ஜி.எஸ்.எம். துணி, அதாவது ஒரு சதுர மீட்டர் 750 கிராம் எடை. மேலே சொன்ன அளவில் வெட்டிய துண்டு அதில் நூறில் ஒரு பங்கு என்பதால், 7.5 கிராம் இருக்க வேண்டும். எங்கள் வேதியியல் ஆய்வகத் தராசில் வைத்தபோது மிகச் சரியாக இருந்தது.

துணி வந்து இறங்கிய அன்று அதே நீலம், அதே பளபளப்பு. தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஓரத்தில் மடித்து ஒட்டாமல் விட்டிருந்த பகுதியிலிருந்து அதே அளவில் ஒரு துண்டை வெட்டி எடைபோட்டோம். தராசு 5.6 கிராம் காட்டியது. வேறு இடத்தில் வெட்டியதும் அப்படியே. தொலைபேசியில் அழைத்தபோது, அங்கிருந்த ஊழியர், "எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதான் சார், எடையில கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்றார். நான்கில் ஒரு பங்கு குறைவதை முன்னப் பின்ன என்று எப்படி ஏற்பது? கையொப்பமிட்ட துண்டையும் வந்த துண்டையும் ஒன்றாக எடுத்துச் சென்று, அவர்கள் மேசை மீதே வைத்துக் காட்டிய பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்த நிமிடம் மனத்தில் ஏற்பட்ட நிம்மதியை இப்போதும் உணர்கிறேன்.

மாற்றுத் துணி வந்த வழியிலும் ஒரு தடங்கல். புதுச்சேரியும் கடலூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்றாலும் இடையில் மாநில எல்லை இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லையைத் தாண்டி வர இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். அவர்கள் அதை எடுக்காமலே வண்டியை அனுப்பியதால், வழியில் நடந்த சோதனையில் சரக்கு நிறுத்தப்பட்டு, கூரை ஏற்ற வந்திருந்த ஆட்கள் அன்று முழுவதும் எங்கள் திண்ணையில் காத்திருந்து திரும்பிப் போனார்கள். வண்டி புறப்படும் முன் பில்லின் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, கடலோரத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது வெல்டிங் வைத்த இடங்கள். ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, வாங்கி வெட்டி வெல்டிங் வைத்தால், அந்தச் சூட்டில் மேலே உள்ள துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அதன் மேல் வெள்ளி வண்ணம் அடித்து மறைத்தாலும் உப்புக் காற்று அங்கேதான் முதலில் துருவைக் கொண்டுவரும். வெல்டிங் முழுவதும் முடிந்த பிறகு சட்டத்தைத் துத்தநாகக் குழம்பில் முக்கி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கினோம். குழாயின் சுவர்த் தடிமனைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் வெர்னியர் அளவியால் அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். அதில் குறை ஏதும் இல்லை.

துணியில் பள்ளியின் பெயரை அச்சிடும் கட்டத்தில் மீண்டும் தொல்லை. அந்த நிறுவனத்தின் மென்பொருள் யூனிகோடு தமிழைச் சரியாகக் கையாளாததால், கொம்புகள் எழுத்தை விட்டு விலகி, "மேல்நிலைப் பள்ளி" படிக்க முடியாத வடிவில் வந்திருந்தது. கணினி ஆசிரியை எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது படம்போல், மாற்றி அனுப்பிய பிறகே சரியானது. பிள்ளைகள் தினமும் பார்க்கும் பெயர் பிழையோடு தொங்குவதை எப்படிப் பொறுப்பது? அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கும் முன் உண்மை அளவில் ஒரு தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கூரையின் வடிவத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் முதலில் வரைந்தது ஏறக்குறைய தட்டையானது. எங்கள் கூரையின் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5,500 லிட்டருக்கு மேல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. துணியில் நீர் தேங்கினால் தொங்கும், தொங்கினால் இன்னும் தேங்கும். ஆகவே நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் நல்ல சரிவு கேட்டோம். துணி இணைப்புகளையும் தைக்காமல் சூட்டில் ஒட்டச் சொன்னோம், ஏனெனில் ஊசித் துளை வழியே நீர் சொட்டும். காற்று இப்படிப்பட்ட கூரையை அழுத்துவதைவிட மேலே தூக்கிப் பெயர்ப்பதுதான் அதிகம். எனவே காலுக்கு ஒன்றரை அடிக் குழி போதும் என்றவர்களிடம், பெற்றோரில் ஒருவரான கட்டடப் பொறியாளரை வைத்துப் பேசி, இரண்டடிச் சதுரத்தில் மூன்றடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட வைத்தோம். அது ஒவ்வொரு காலுக்கும் ஏறத்தாழ 800 கிலோ எடை. எங்கள் மணல் தரைக்கு அது அவசியம்.

இவ்வளவு செய்தும், புயல் எச்சரிக்கை வந்தால் துணியைக் கழற்றிவிடுவதுதான் திட்டம். அதற்காகவே துணியைச் சட்டத்தோடு நிலையாகப் பிணைக்காமல், கயிறும், திருகி இறுக்கும் திருகு இழுவையும் வைத்துக் கட்டச் சொன்னோம். கழற்றும் முறையை இரவுக் காவலருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் அவர்களே செய்து காட்டிவிட்டுப் போனார்கள். துணிக்கான உத்தரவாதக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பாக்கிப் பணத்தைத் தருவதில்லை என்று தாளாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.