விம்மிலிருந்து இன்டெலிஜேவுக்கு: ஒரு மாத நாட்குறிப்பு

ஜூலை 8, 2024, திங்கள்

இன்று காலை ஆபீஸ் வந்ததும் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையை, திறக்கவில்லை. 17 வருடமாக முதல் வேலை அதுதான்: கறுப்புத் திரை, விம் என்ற எடிட்டர், நேற்று விட்ட வரி. எங்கள் பேருந்து முன்பதிவு மென்பொருள் முழுக்க ஜாவா மொழி. அணியில் மற்ற எல்லாரும் நிரல் எழுத, ஓட்ட, பிழை தேட எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் இன்டெலிஜேவில் எழுதுகிறார்கள், நான் ஒருத்திதான் விம்மில். ஒரு மாதம் முழுதாக மாறிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து இருக்கைத் தம்பி, "அக்கா, இன்டெலிஜேக்கு ஐடியாவிம்னு ஒரு ப்ளக்இன் இருக்கு, அதைப் போட்டுக்குங்க, விம் பழக்கம் எல்லாம் அப்படியே வேலை செய்யும்" என்றான். முதல் வாரம் வேண்டாம் என்றேன். புது ஊருக்குப் போய்ப் பழைய ஊர்ச் சாப்பாட்டையே தேடினால் அந்த ஊர் பிடிபடாது.

ஜூலை 9, செவ்வாய்

விம் பழக்கத்தில் கீழே நகர 'ஜே' அழுத்துகிறேன். நிரலுக்குள் ஜேஜேஜே என்று விழுகிறது. மாலைக்குள் எத்தனை முறை அழித்தேனோ.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தம்பிக்குச் சொன்னேன். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ டெர்மினல், திரையும் விசைப்பலகையும் சேர்ந்த ஒரு கருவி. அதில் அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். என் விரல்கள் ஒருபோதும் தொடாத ஒரு இயந்திரத்தின் விசைப்பலகை அவற்றுக்குள் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

ஒரு மெத்தடின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) பெயரை மாற்ற வேண்டியிருந்தது. அதே பெயர் இன்னும் மூன்று கிளாஸ்களில் (மெத்தடுகளின் தொகுப்பு) உண்டு. விம்மில் என்றால் க்ரெப் என்ற சொல் தேடும் கட்டளையைப் போட்டு, வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது நம்முடையதா அந்தக் கிளாஸுடையதா என்று பார்த்து மாற்றுவேன். அரை நாள் போகும். இன்று ஷிஃப்ட், எஃப்6, புதுப் பெயர். முடிந்தது. நம்முடையது மட்டும் மாறியிருந்தது, மற்றதைத் தொடவில்லை. க்ரெப்புக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. இன்டெலிஜே மொத்த நிரலையும் இலக்கணமாகப் படித்து வைத்திருக்கிறது.

சந்தோஷம்தான். ஆனால் அந்த அரை நாளில்தான் எந்தக் கோப்பு எதை அழைக்கிறது என்று எனக்கு மனப்பாடம் ஆகும். நள்ளிரவில் சர்வர் விழுந்து போன் வந்தால், படுக்கையில் இருந்தபடியே எந்தக் கோப்பைப் பார் என்று சொல்ல முடிந்தது அதனால்தான். இன்று மாற்றிய இடங்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. மாலையில் உட்கார்ந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். இனி அப்படித்தான் செய்யப் போகிறேன்.

ஜூலை 17, புதன்

நிரல் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று குறிக்கும் ப்ரேக்பாயின்ட் வைத்து ஓட்டினேன். இவ்வளவு நாளும் சந்தேகம் வந்த இடத்தில் ஒரு பிரின்ட் வரி, மறுபடி பில்ட், மறுபடி ஓட்டம் என்றே காலம் போனது. இப்போது நிரல் நடுவழியில் நிற்கிறது. எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே தெரிகிறது.

ஒன்றைக் கவனித்தேன். அடுத்த வரிக்குப் போக விரல் தானாக எஃப்8க்குப் போனது, உள்ளே நுழைய எஃப்7க்கு. யாரும் சொல்லித் தரவில்லை. யோசித்தால், கல்லூரி லேபில் சி மொழி எழுதிய டர்போ சி! அந்த நீலத் திரையிலும் எஃப்7, எஃப்8தான். ப்ரேக்பாயின்ட் வைக்க கன்ட்ரோல் எஃப்8, அதுவும் இரண்டிலும் ஒன்றே. டர்போ சி எழுத்துத் திரைதான், கிராஃபிக்ஸ் இல்லை. ஆனாலும் எழுத, கம்பைல் செய்ய, நிறுத்திப் பார்க்க எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. அப்போது கையில் இருந்ததை நடுவில் நானே கீழே வைத்திருக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

பயணச்சீட்டில் வரும் தமிழ் வாசகங்கள் தனிக் கோப்பில் இருக்கின்றன. ஜாவா 9க்கு முன்பு அந்தக் கோப்பில் தமிழை நேராக எழுத முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணாக மாற்றி வைக்க வேண்டும். 2017இல் ஜாவா 9 வந்த பிறகுதான், தமிழை அப்படியே சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் படிக்கிறது. நேராக எழுதலாம் என்று ஆனபோது பெருமூச்சு விட்டேன். ஆனால் டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால். கட்டத்துக்கு அந்த ஒழுங்கு தெரியாது. என் திரையில் கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். குத்துமதிப்பாகப் படித்தே பழகியிருந்தேன்.

இன்டெலிஜேவில் அந்தக் கோப்பைத் திறந்தேன். புத்தகத்தில் இருப்பது போல முழுத் தமிழ். மூன்றாவது வரி: 'தொடர்பு கெள்ளவும்'. கால் இல்லை. நான் எழுதியது. எத்தனை பேர் கையில் அந்தச் சீட்டு போயிருக்கும். உடனே திருத்தினேன். என் மொழியைச் சரியாகக் காட்டாத திரையில் ஏன் இத்தனை வருடம் இருந்தேன் என்ற கேள்வி நாள் முழுக்க விடவில்லை.

ஜூலை 26, வெள்ளி

'கௌரிவாக்கம்' என்று தேடினால் நிறுத்தம் வரவில்லை என்று புகார். ப்ரேக்பாயின்ட் வைத்தேன். பயணி தட்டியது 'கௌரிவாக்கம்', பட்டியலில் இருப்பதும் 'கெளரிவாக்கம்'. திரையில் இரண்டும் ஒன்றே போல. ஆனால் சமம் இல்லை என்கிறது நிரல். நீளத்தைப் பார்த்தேன்: ஒன்று 11, மற்றது 12.

இன்டெலிஜேவுக்குள்ளேயே கீழே இருக்கும் டெர்மினல் பகுதியில் விம்மைத் திறந்தேன். எழுத்தின் மேல் நின்று 'ஜி', 'ஏ' அழுத்தினால் அதன் யூனிகோட் எண்ணைச் சொல்லும். முதல் சொல்லில் 2965, 3020: ககரமும் ஔகாரக் குறியும். இரண்டாவதில் 2965, 3014: ககரமும் ஒற்றைக்கொம்பும். அடுத்துத் தனியாக 2995, ளகரம். யாரோ ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருக்கிறார்கள். அழகாகக் காட்டும் எழுத்துரு அதை மூடிவிட்டது. மூலத்தைக் காட்டியது விம்தான்.

ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசர் போடலாமா என்றான் தம்பி. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் அது ஒகரக் குறியாகச் சேர்த்துவிடும். ஔகாரத்துக்கு உதவாது. அதன் பின்பாதி பார்க்க ளகரம் போல இருந்தாலும், யூனிகோடில் அது 3031 என்ற வேறு குறி. சரி, பட்டியலில் கொம்பும் ளகரமும் வரும் இடத்தை எல்லாம் மொத்தமாக ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்றான். மாற்றினால் 'தெளிவு' உடையும், 'கெளுத்தி' உடையும். கடைசியில் ஒப்பிடும் இடத்தில் மட்டும் இரு பக்கமும் ஔகாரக் குறியைக் கொம்பு, ளகரம் என்று பிரித்து ஒப்பிட வைத்தோம். பட்டியலைக் கையால் திருத்த வேண்டும், கௌரிவாக்கம் முடிந்தது.

ஆகஸ்ட் 3, சனி

பிராம் மூலினார் இறந்து இன்றோடு ஒரு வருடம். 1991இல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டவர். கடைசிவரை அதைப் பராமரித்தார். விம்மை வெறுமனே திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். விலை கேட்காமல் அவர் கேட்டது அதுதான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே 17 வருடம் போயிருக்கிறது. இன்று பணம் அனுப்பினேன்.

திங்கள் முதலும் இன்டெலிஜேதான். ஐடியாவிம் நேற்றே போட்டுவிட்டேன். ஜே அழுத்தினால் கீழே போகிறது. டெர்மினல் பகுதி கீழே திறந்தே இருக்கும். நிறுத்தப் பட்டியலில் அடுத்தது சௌகார்பேட்டை.