சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு விற்றோம்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை விற்க நினைக்கும் இந்தியர்கள், முகவரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கழகத்தின் இணையத்தளத்தில் உங்கள் புளோக்கைத் தேடி, ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை விழுக்காடு வரைதான் இருக்கலாம் என்கிற இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி யாருக்கெல்லாம் விற்க முடியும் என்று பாருங்கள். அந்த விவரம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படும். எங்கள் ஹவ்காங் வீட்டை விற்க அலைந்த காலத்தில், மாதம் பிறந்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

இந்தக் கொள்கை 1989இல் வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். குடியிருப்புப் பேட்டைகளில் ஒரே இனத்தார் மீண்டும் ஓரிடத்தில் திரளத் தொடங்கியிருந்தார்கள். 1964 இனக் கலவரங்களை நாடு மறக்கவில்லை. இன்றைய கணக்குப்படி ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 வரை இருக்கலாம். பல புளோக்குகள் சேர்ந்த பேட்டை அளவில், அதே வரிசையில் 84, 22, 12.

வரம்பு நிரம்பிய பிறகும் அதே இனத்தார் தங்களுக்குள் விற்கலாம், ஏனென்றால் விகிதம் மாறாது. எங்கள் புளோக்கில் நிரம்பியிருந்தது சீனர் வரம்பு. எங்கள் மாடியிலிருந்த சீனக் குடும்பம் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இந்தியர்களான நாங்கள் சீனருக்கு விற்க முடியாது. சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சீனர். அவர்களை விட்டுவிட்டால் வீடு பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

வந்தவர்களும் குறைத்துத்தான் கேட்டார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சீனக் குடும்பத்தின் வீடு, அதே அளவு, அதே மாடி, எங்களிடம் கேட்ட விலையைவிட நன்றாகவே கூடுதலாகப் போனது. அன்று இரவு நானும் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை.

புது வீடு வாங்கியிருந்ததால் பழையதை விற்கக் கெடு இருந்தது. கூடுதல் அவகாசம் கேட்டுக் கழகத்துக்கு எழுதினோம், கிடைத்தது. இந்த வரம்பில் மாட்டிக்கொண்டவர்கள் தயங்காமல் கேளுங்கள். 10 ஆண்டுகளுக்கு மேல் வீட்டை வைத்திருந்து, விற்க முயன்றும் முடியாதவர்களிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் 2022 முதல் உண்டு. அது கடைசி வழி. அப்புறம், ஆப்ஷன், அதாவது வாங்குபவருக்கு வீட்டை வாங்கும் உரிமை தரும் பத்திரம், கொடுக்கும்போது ஒருமுறை, கழகத்துக்கு விற்பனை விண்ணப்பம் அனுப்பும்போது மறுமுறை வரம்பைச் சரிபார்த்துவிடுங்கள். நடுவில் மாதம் மாறியிருந்தால் நிலவரமும் மாறியிருக்கலாம்.

இனங்கள் கலந்து வாழ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாங்கள் வேலைக்குப் போன நாட்களில் என் மகளுக்குச் சோறு ஊட்டியவர் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. இந்தக் கொள்கை இல்லாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்திருப்போமா என்பதே சந்தேகம். ஆனால் கலந்து வாழ்வதால் வரும் நன்மை எல்லாருக்கும், அதற்கான விலை சிறுபான்மை இனத்தில் வீடு விற்கிறவருக்கு மட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விலை வித்தியாசத்தை அரசு பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

கடைசியில் வாங்கியவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவர் சீனர், மனைவி தமிழ்ப் பெண். கலப்புமணத் தம்பதிகள் இருவரில் ஒருவருடைய இனத்தை வீட்டின் இனமாகப் பதிந்துகொள்ளலாம். அவர்கள் இந்தியர் என்று பதிந்தார்கள், விற்பனை நடந்தது. ஆனால் பின்னால் விற்கும்போதும் அதே வகையில்தான் விற்க வேண்டும். அன்றைக்கும் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், அந்தக் கணவர் தன் சொந்தத் தம்பிக்குக்கூட அந்த வீட்டை விற்க முடியாது. ஆப்ஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை அவர்களிடம் உட்கார்ந்து விளக்கினேன். உங்களிடம் வாங்க வருபவர்களுக்கும் இது தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.