வாயில்லாத பைகள்

சுங்கை சிப்புட் நகரில் நான் தையல் கடை வைத்து 22 ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிச் சீருடைகளோடு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் கிழிந்த காற்சட்டைகளும் ஒட்டுப்போட என்னிடம் வரும். சென்ற மாதம், கோலாலம்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் ஒரு மேலங்கியைக் கொண்டுவந்தான். கினபாலு மலை ஏறப் போகிறானாம். கை இரண்டு அங்குலம் நீண்டிருப்பதால் குறைத்துத் தர வேண்டும் என்றான். அலங்கார உடைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அது. 1,800 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறான்.

மேசையில் விரித்துப் பார்த்தேன். ஆலிவ் பச்சை நிறம், கார்டுராய் காலர், பித்தளை வளையம் தொங்கும் ஜிப், இடுப்புக்குக் கீழே மூடியுள்ள இரண்டு பெரிய பைகள். மழை புகாமலிருக்க மெழுகிட்ட துணிபோலத் தெரிந்ததால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை, மேலே பூசிய பளபளப்பு மட்டுமே. பையின் மூடியைத் தூக்கப் போனால் அது எழவில்லை, ஏனென்றால் நான்கு பக்கமும் மெஷின் தையல் ஓடியிருந்தது. முதுகின் கீழே குறுக்காக இன்னொரு ஜிப் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே பை இல்லை, அங்கியின் துணியே தெரிந்தது. எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது தையல் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக ஊரில் ஜான் பார்பர் என்பவர் 1894இல் தொடங்கிய வணிகம், மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் மழை புகாத எண்ணெய்த்துணி உடைகளை விற்றது. அந்தப் பார்பர் நிறுவனம் 1983இல் வெளியிட்ட போஃபர்ட் என்னும் மேலங்கியில், வேட்டையில் விழுந்த பறவைகளை வைத்துக்கொள்ள முதுகின் குறுக்கே நீண்ட பை ஒன்று இருக்கிறது. ஈரமும் இரத்தமும் துணியில் ஊறாமல் துடைத்து எடுப்பதற்காக அதன் உள்பக்கம் நைலான் வைத்திருக்கிறார்கள். ஜிப்பில் வளையம் இருப்பது, குளிரில் விரைத்த விரலோ கையுறை போட்ட விரலோ அதைப் பிடித்து இழுப்பதற்காக. மெழுகு தேய்ந்துபோனால் மீண்டும் பூசிக்கொள்ளலாம் என்பதால் ஒரே அங்கியைப் பல ஆண்டுகள் உடுத்துகிறவர்கள் உண்டு.

அந்த முதுகுப் பையைப் பற்றி முதன்முதலில் அறிந்தபோது எனக்கு அம்மாவின் சட்டைதான் நினைவுக்கு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது அம்மா, கைலிக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கொசுக்கடிக்காகக் கழுத்துப் பித்தான்வரை மாட்டிக்கொள்வார். முந்தின வெட்டில் கசிந்து காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகே மரத்தில் கத்தியை வைக்க வேண்டும். உரித்ததைக் கீழே போடவும் கூடாது, ஏனென்றால் அதற்கும் எடை போட்டுக் காசு உண்டு. பால் பட்டுக் காய்ந்த துணி எந்தச் சவர்க்காரத்துக்கும் வெளுக்காமல் கறுத்துத் தடித்துவிடும். ஆகையால் அம்மா சட்டையின் இடப்பக்கத்தில் அகலமான பை ஒன்றைத் தைத்து, உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி அதற்கு உள்துணியாக வைத்தார். மாலையில் அந்தப் பையை வெளியே திருப்பி ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டுப்பால் மொத்தமும் உரிந்து வந்துவிடும். இங்கிலாந்து வேட்டைக்காரரை அம்மா கண்டதில்லை. கையில் இருந்த வேலையே இருவருக்கும் ஒரே பையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பிறருடைய வடிவத்தைப் பார்த்துத் தைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் கடையையே மூட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் நெவாடாவின் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், கூலி வேலை செய்கிறவர்களின் காற்சட்டைப் பைகள் கிழிந்துகொண்டே இருப்பதைக் கண்டு, பையின் மூலைகளில் செப்பு ரிவெட் அடித்தார். துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமைக் காலம் முடிந்ததும் பல நிறுவனங்கள் அதேபோல் ரிவெட் வைத்த காற்சட்டைகளைத் தைத்தன, உழைப்பவர்கள் கூடுதல் கடைகளில் அவற்றை வாங்க முடிந்தது. அந்தப் போலியால் யாருக்கும் இழப்பில்லை; ரிவெட் ரிவெட்டாகவே வேலை செய்தது. நம் நாட்டில் 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்தும் அப்படித்தான் தோட்டத்திலிருந்து மலைக்குப் போனது. ஒரே வார்ப்பில் செய்து அடியில் குமிழ்கள் வைத்த அந்தச் சப்பாத்து சேற்றில் வழுக்குவதில்லை என்பதற்காகவே மலையேறுகிறவர்களும் காட்டுப்பாதையில் ஓடுகிறவர்களும் அதை மாட்டிக்கொள்கிறார்கள். பயன் தெரிந்து எடுத்துக்கொள்வதில் மரியாதை இருக்கிறது.

மலேசியாவின் 1996ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டமும், ஒரு பொருளின் செயல்பாட்டினால் மட்டுமே அமைந்த வடிவத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. வேலை செய்யும் பை எல்லாருக்கும் பொது என்பதே அதன் பொருள். அப்படிக் காசில்லாமல் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, வேலை செய்யும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, பல மடங்கு விலை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல துணிக்கும் நல்ல தையலுக்கும் எவ்வளவு கேட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன், அதற்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதை அறிந்தவள் நான். ஆனால் பைக்கு வாய் வைக்க மெஷினில் அரை மணி நேரம்கூடச் செலவிட மனமில்லாதவர்கள், உழைப்பவரின் உடையைப் போட்டிருக்கும் தோற்றத்தை 1,800 வெள்ளிக்கு விற்கிறார்கள்.

கையைக் குறைத்துத் தருகிறேன், ஆனால் இது மழையைத் தாங்காது, பேரங்காடியில் ஒரு மழைக்கோட்டு வாங்கி மேலே போட்டுக்கொள் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். பிறகு மூடியின் தையலைப் பிரித்து, மலையில் இதற்குள் என்ன வைப்பாய் என்று கேட்டேன். கையுறை என்றான். நள்ளிரவு கடந்து உச்சிக்குக் கிளம்பும்போது, கையுறையைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் விளக்கையும் எடுக்க முடிய வேண்டும் அல்லவா என்றேன். கையுறையை மாட்டிக்கொண்டு மேசைமேல் கையை வைக்கச் சொல்லி, கருப்புக் குடைத்துணியில் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அரை அங்குலம் தளர்வு விட்டு வெட்டினேன்.