உடைந்த துண்டு எங்கே?

முன்பல் உடைந்து வரும் பிள்ளையின் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது, "உடைஞ்ச துண்டு எங்கேம்மா?" என்றுதான். பாம்பன், மண்டபம் பக்கத்தில் கரையேற்றி வைத்த வள்ளத்தில் ஏறி விளையாடி, விளிம்பில் வாயை இடித்துக்கொண்டு வருவார்கள். துண்டு மணலோடு போயிருக்கும். சிலர் பால்பல் நினைப்பில் கூரைமேல் எறிந்துவிட்டேன் என்பார்கள். ஒன்பது வயதுப் பையனின் நிலைப்பல்லை!

துண்டு கிடைத்தால் பெரும்பாலும் அதையே ஒட்டிவிடலாம். காய்ந்தால் வெளுத்துவிடும், தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். கிடைக்கவில்லை, உதடும் வீங்கியிருக்கிறது என்றால் உதட்டுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவேன். சில நேரம் துண்டு சதைக்குள்ளேயே புதைந்திருக்கும்.

உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் வீட்டாருக்குப் பயம் வந்துவிடும். "நரம்பை எடுத்துருங்க டாக்டர், திரும்பத் திரும்ப அலைய முடியாது." இங்கேதான் நான் பிடிவாதக்காரன். மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் வேர் முடிய இன்னும் 2, 3 ஆண்டு ஆகும். அதுவரை வேர்ச்சுவர் மெல்லிசு, நுனி திறந்தே கிடக்கும். அந்த வேரைக் கட்டி முடிப்பது பல்லுக்குள்ளே இருக்கும் உயிருள்ள கூழ்தான், அதாவது வீட்டார் நரம்பு என்று சொல்லும் அந்த மென்சதை. அதனால் கூழை முழுசாக எடுக்காமல் மேலாக 2 மில்லிமீட்டர் அளவு மட்டும் எடுத்து, ஈரப் பஞ்சை வைத்து அழுத்திக் காத்திருப்பேன். சில நிமிடத்தில் ரத்தம் நின்றால் மருந்து வைத்து மூடிவிடலாம். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆழம் போக வேண்டும்.

நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் பிடித்து, லேசாக அலசி, அங்கேயே குழியில் செருகிவிட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஓடி வாருங்கள். துணியில் சுற்றி ஒரு மணி நேரம் கழித்து வந்தால் வேர்மேல் இருக்கும் செல்கள் பிழைப்பது அரிது. பால்பல் என்றால் திரும்ப வைப்பதே இல்லை. உள்ளே வளரும் பல்லுக்குக் கேடு.

மறுபரிசோதனைக்குத்தான் ஆள் வராது. வலி இல்லையே! இப்போதெல்லாம் வருடாந்தர எக்ஸ்ரேயை மீன்பிடித் தடைக்காலத்துக்கு எழுதித் தருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, பள்ளியும் பெரும்பாலும் லீவு. அப்பாவே கூட்டி வருவார்.

அப்புறம், ஒட்டிய பல்லால் பனங்கிழங்கைக் கடிக்காதே என்றும் சொல்லி அனுப்புவேன். "சரி டாக்டர்" என்பார்கள். தை மாதம் துண்டு கையில் இருக்கும். பரவாயில்லை, இந்த முறை தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள்.