நன்னாரி போட்ட ஸ்டவுட், ஆல்கஹால் 1.3 சதவீதம்

ஆல்கஹால் குறைச்சு போட்ட ஸ்டவுட் (வறுத்த தானியம் போட்ட கறுப்பு பீர்) நிறைய குடிச்சுப் பாத்தாச்சு, எல்லாத்துலயும் ஒரே குறை தான், கறுப்பா இருக்கும், கருகல் கசப்பு இருக்கும், நடுவுல தண்ணி. அந்த நடுவ நன்னாரி நிரப்பும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை. நன்னாரி வாசனைக்குக் காரணமான பொருளும் வெனிலினும் ஒரே அணுக்கள் தான், அடுக்கியிருக்கறது மட்டும் வேற, அதனால சர்க்கரை போடாமலே இனிப்பா இருக்கற மாதிரி தோணும். லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு தமிழ்க் கடையில காஞ்ச வேர் கிடைச்சதும் 10 லிட்டர் போட்டுட்டேன். (இங்க இங்கிலாந்துல 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேணாம்னு ஆக்கிட்டாங்க, சொந்தமா குடிக்கலாம், விக்கக் கூடாது. தமிழ்நாட்டுல இருக்கறவங்க செய்யாதீங்க, அங்க சட்டப்படி குத்தம்.)

மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டி காயவெச்ச பார்லி) 600 கிராம், ஓட்ஸ் 150, கிறிஸ்டல் மால்ட் 100, சாக்லேட் மால்ட் 60, வறுத்த பார்லி 100. மேஷ், அதாவது தானியத்தச் சுடுதண்ணில ஊறவெக்கறது, 75 டிகிரில. வழக்கமா 66, 67-ல வெப்போம், அந்தச் சூட்டுல மால்ட்ல இருக்கற பீட்டா அமிலேஸ்ங்கற என்சைம் ஸ்டார்ச்ச மால்டோஸ் சர்க்கரையா வெட்டித் தள்ளும், ஈஸ்ட் அத ஆல்கஹாலா மாத்திடும். 75-ல பீட்டா சீக்கிரமே செத்துடும், ஆல்ஃபா அமிலேஸ் மட்டும் நின்னு பெரிய துண்டா வெட்டும், அத ஈஸ்ட்டால தின்ன முடியாது, அப்படியே தங்கி பீருக்குக் கனம் குடுக்கும். போட்ட ஈஸ்ட் வின்ட்சர்ங்கற வகை, அது மால்டோட்ரையோஸ்ங்கற சர்க்கரையையும் தின்னாம விட்டுடும்.

வறுத்த பார்லிய மட்டும் முந்தின ராத்திரியே பச்சத் தண்ணில ஊறப்போட்டு, வடிச்ச தண்ணிய கொதி முடியற நேரத்துல ஊத்தினேன். லேசான பீர்ல கருகல் முன்னாடி வந்து நிக்கும், இப்படி செஞ்சா அடங்கிடும்.

கசப்புக்கு ஃபக்கிள்ஸ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) கொஞ்சம், கூட 3 கிராம் மக்வொர்ட், நம்ம மாசிபத்திரிக்குச் சொந்தம், ஹாப்ஸ் பரவறதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல பீர்ல போட்டுட்டு இருந்த இலைகள்ல ஒண்ணு. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆகாது.

நன்னாரிய கொதிக்க விடக்கூடாது, வாசனை ஆவியோட போயிடும். வேர இடிச்சா தோல் கழண்டு நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு வரும், அத தூக்கிப் போட்டுட்டு தோல் மட்டும் 30 கிராம், வோர்ட் (தானியத்துலேர்ந்து வடிச்ச இனிப்புத் தண்ணி) 80 டிகிரிக்கு இறங்கினதும் போட்டு மூடி வெச்சேன். மூடியத் திறந்தப்ப கிச்சன் முழுக்க சர்பத் கடை வாசனை!

ஆரம்ப கிராவிட்டி (தண்ணிய விட எத்தன மடங்கு கனம்ங்கற அளவு) 1.022, ஈஸ்ட் வேலை முடிஞ்சதும் 1.014, அதுல கிட்டத்தட்ட 1.05 சதவீதம் ஆல்கஹால், பாட்டில்ல லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டதுல இன்னும் 0.25 ஏறும். இதுல ஒண்ணு முக்கியம், ஆல்கஹால் கம்மி, மிச்ச சர்க்கரை ஜாஸ்தி, கிருமி சுலபமா வளரும். பி.எச். (புளிப்பு அளவு, கம்மியானா புளிப்பு ஜாஸ்தி) 4.6-க்குக் கீழ இருந்தே ஆகணும், நான் லாக்டிக் ஆசிட் சொட்டு சொட்டா விட்டு 4.3-க்குக் கொண்டு வந்தேன். கண்ணாடி வேணாம், வெடிச்சா ஆபத்து, பிளாஸ்டிக் பாட்டில் தான், கேஸ் ஏறினதும் நேரா ஃப்ரிட்ஜ்.

குடிச்சுப் பாத்தேன். நுரை பழுப்பா கெட்டியா நிக்குது, மூக்குல முதல்ல நன்னாரி, அப்புறம் வறுத்த வாசனை, நடுவுல அந்த ஓட்டை இல்ல. மக்வொர்ட் மட்டும் கடைசில நாக்க இழுக்குது, அடுத்த தடவை அத 1 கிராமாக்கி ஓட்ஸ 200 ஆக்கப் போறேன், நன்னாரிய தொடமாட்டேன்.