கூரை ராக் வாங்குமுன் காரின் கூரையைப் பாருங்கள்

கார்க் கூரையில் சைக்கிள் ஏற்றுவதற்கு ராக் வாங்கப் போகிறவர்கள், கடையில் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது சைக்கிள் நிற்கிற தட்டையும் அதைக் கவ்வுகிற கையையும்தான். அதைக் கடைசியாகப் பாருங்கள். இலங்கையில் ஊருக்கு வெளியே அனுமதிக்கப்படும் 70 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் போகும்போது, சைக்கிள், தட்டு, குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் காரோடு பிடித்துக்கொண்டிருப்பவை, பெரும்பாலான சிறிய கார்களில், கதவு ஓரத்தில் கொளுவியிருக்கும் நான்கு தகட்டுக் கொக்கிகள். அவை உங்கள் கார் மொடலுக்கென்றே வளைத்தவையாக இருந்தால்தான் மேலே இருப்பதற்கெல்லாம் பெறுமதி.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கரியர் என்றால் சைக்கிளின் பின்பக்கக் கரியர்தான் நினைவுக்கு வரும். அதனால் சைக்கிளைத் தாங்குகிற பகுதியை ராக் என்றும், கூரைக்குக் குறுக்காக வரும் இரண்டு பார்களைக் குறுக்குச் சட்டம் என்றும், சட்டத்தின் நுனியில் கூரையைப் பிடிக்கிற பகுதியைக் கால் என்றும் எழுதுகிறேன். இவை மூன்றும் பெரும்பாலும் தனித்தனியாகவே விற்கப்படும்.

கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் உயர்த்திய தண்டவாளம் போன்ற ரெயில் இருந்தால் உங்களுக்கு வேலை குறைவு. அதைச் சுற்றிப் பிடிக்கிற கால் போதும், பல கார்களுக்குப் பொருந்தும். ரெயிலுக்கும் கூரைக்கும் இடையே விரல் நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தால் அது வேறு வகை, கால் வேறு. பழைய வான்களிலும் பழைய கார்களிலும் மழைநீர் வழிகிற பீலி போன்ற விளிம்பு இருக்கும். அதில் கவ்வுகிற கால்தான் எல்லாவற்றிலும் எளிமையானது, பலமும் கூட. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இன்று வீதியில் அதிகம் ஓடுகிற அல்ரோ, வாகன் ஆர், விற்ஸ், அக்குவா போன்றவற்றில். பெரும்பாலும் இவற்றின் கூரை மொட்டை. கால் கூரையின் மேல் ரப்பரில் நிற்கும், கொக்கி கதவைத் திறந்தால் தெரியும் மேல் விளிம்பில் கொளுவும். கூரையின் வளைவும் விளிம்பின் சரிவும் மொடலுக்கு மொடல் மாறுவதால், காலோடு சேர்த்து அந்த மொடலுக்கான கொக்கியும் ரப்பர் அடியும் கொண்ட ஒரு தனிப் பொதி வாங்க வேண்டும். தூலே, யக்கிமா போன்ற ராக் நிறுவனங்களின் பொதிகளுக்கு இலக்கம் உண்டு. காரின் பெயர், ஆண்டு, கதவு எண்ணிக்கை கொடுத்து இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஜப்பானிலிருந்து வருகிற பழைய சாமான்களோடு இன்னோ, தேர்சோ போன்ற ஜப்பான் ராக்குகளும் வருவதுண்டு. நல்ல சாமான்கள்தான். ஆனால் வேறொரு காரிலிருந்து கழற்றிய கொக்கியோடு வந்தால், "கொஞ்சம் வளைத்தால் சரிவரும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். வளைத்த கொக்கி விளிம்பில் முழு அகலத்துக்கும் உட்காராது. ஒரு மூலையில் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது அந்த மூலை பெயின்ற்றைச் சுரண்டிக்கொண்டு நழுவும். சரியான கொக்கியா என்று அறிய ஒரு வழி: இறுக்காமல் கையால் மட்டும் விளிம்பில் வைத்துப் பாருங்கள். கொக்கிக்கும் விளிம்புக்கும் இடையில் எந்த இடத்திலும் ஒரு கடதாசித் துண்டு நுழையக் கூடாது. கதவை மூடினால் ரப்பர் பீடிங் மடங்காமல் இருக்க வேண்டும். பீடிங் மடங்கினால் மாரியில் தண்ணீர் சீற்றுக்கு வரும்.

அடுத்தது நிறை. கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். சிறிய கார்களில் 50 கிலோ, கொஞ்சம் பெரியவற்றில் 75 கிலோ என்பது வழக்கமாகக் காணும் அளவு. சில மொடல்களில் கூரையில் எதுவும் ஏற்றக் கூடாதென்றே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் கதை அத்தோடு முடிந்தது. அந்த 50 கிலோவுக்குள் சட்டமும் ராக்கும் அடங்கும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கால்களோடு இரண்டு சட்டம் 5 அல்லது 6 கிலோ. ராக் ஒன்று ஏறத்தாழ 4 கிலோ. 15 கிலோ சைக்கிள் இரண்டு ஏற்றினால் 6, 8, 30 என்று மொத்தம் 44 கிலோ. தார் வீதியில் சரி. கிறவல் பாதையில் போவதானால் அனுமதித்த நிறையை ஒன்றரையால் வகுக்கச் சொல்கிற ராக் தயாரிப்பாளர்கள் உண்டு, நானும் அதையே சொல்வேன். 50 என்பது அப்போது 33 ஆகிவிடும், ஒரு சைக்கிள்தான் ஏறும். குறுக்குச் சட்டத்துக்கும் தனி எல்லை உண்டு. காருடையது, சட்டத்துடையது இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. வெல்டிங் கடையில் இரும்புப் பெட்டிக் குழாயில் செய்விக்கிற ராக்கை நான் சிறிய காருக்குப் பரிந்துரைக்காததும் இதனால்தான். வானுக்கு அது நன்று. மொட்டைக் கூரைக் காரில் அந்த இரும்பே கூரையின் பங்கில் பாதியைத் தின்றுவிடும்.

இனி ராக். மூன்று வகை இருக்கிறது. முன்சில்லைக் கழற்றி, போர்க்கை மட்டும் பூட்டுகிற வகை ஒன்று. சில்லைக் கழற்றாமல் சைக்கிளை நிமிர்த்தி, கீழ்ப் பைப்பை ஒரு கையால் கவ்வுகிற வகை இரண்டாவது. பைப்பைத் தொடாமல் முன்சில்லை மட்டும் இரு வளையங்களுக்கிடையே இறுக்குவது மூன்றாவது.

போர்க் வகை உயரம் குறைவு, ஆட்டம் குறைவு. பந்தயச் சைக்கிள்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் அது கேட்பது 9 மில்லிமீற்றர் குயிக் ரிலீஸ் (லீவரால் கழற்றும் அச்சு) போர்க்கை, அல்லது 12, 15 மில்லிமீற்றர் ஊடச்சுக்கான (சில்லின் நடுவால் ஊடுருவிப் போர்க்கில் பூட்டும் தடித்த அச்சு) இணைப்பியை. நட் போட்டு இறுக்கிய அச்சுள்ள சாதாரணச் சைக்கிளில் ஒவ்வொரு தடவையும் 15 மில்லிமீற்றர் ஸ்பனரோடு நிற்க வேண்டும், மட்காட் கம்பியையும் கழற்ற வேண்டும். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் சில்லு கழன்ற இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் தடுப்புத் துண்டைச் செருக மறக்காதீர்கள். பயணத்தில் யாராவது பிரேக் லீவரை அழுத்திவிட்டால் பாட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சில்லு திரும்ப ஏறாது.

சில்லை இறுக்குகிற மூன்றாவது வகை காபன் பிறேமுக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் கவ்வு பைப்பை நசுக்குவதில்லை. ஆனால் முழு மட்காட் போட்ட சைக்கிளில் வளையம் மட்காட்டை அழுத்தும். எங்கள் ஊரில் மட்காட் இல்லாத சைக்கிள் எத்தனை?

ஆகவே இங்கு ஓடுகிற பெரும்பாலான சைக்கிள்களுக்கு இரண்டாவது வகைதான் என் தெரிவு. வாங்கும்போது மூன்று அளவுகளைப் பாருங்கள்: ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ வரை (17 கிலோ, 20 கிலோ என்று வரும்), கவ்வு பிடிக்கும் பைப்பின் தடிப்பு, முன்சில்லு அச்சிலிருந்து பின்சில்லு அச்சு வரை எவ்வளவு நீளம் தட்டில் நிற்கும் என்பன. லுமாலா போன்ற கனத்த இரும்புச் சைக்கிளானால் வீட்டில் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பெண்கள் ஓட்டுகிற, மேல் பார் தாழ்ந்த சைக்கிளில் கவ்வின் கைக்கு ஏற்ற உயரத்தில் பைப் கிடைக்காது. சீற்றுத் தண்டிலிருந்து ஹாண்டில் தண்டுக்குப் பூட்டுகிற தற்காலிக பார் ஒன்று தனியாக விற்கிறது, அதை வாங்கினால் சரி.

பழைய 28 அங்குலச் சைக்கிளை மட்டும் இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிடுங்கள். அதன் பின் பிரேக்குக்குப் போகிற கம்பி கீழ்ப் பைப்பை ஒட்டியே ஓடுகிறது. கவ்வு அதன் மேல் இறுகினால் கம்பி வளையும், இறக்கி ஏறி மிதித்த பிறகுதான் பின் பிரேக் பிடிக்காதது தெரியும். அந்தச் சைக்கிளுக்குச் சிறிய பட்டா லொறிதான் சரியான வாகனம்.

பூட்டும் வேலைக்கு வருவோம். கூரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், காலின் ரப்பருக்கு அடியில் சிக்குகிற ஒரு கடல் மணல் போதும் பெயின்ற்றை அரைத்துவிட. முன் சட்டம் கண்ணாடி விளிம்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று பொதியின் தாளில் இருக்கும். கண்மட்டத்தில் வைக்காமல் அளந்து, மாஸ்கிங் டேப்பால் அடையாளம் போடுங்கள். இரண்டு சட்டத்துக்கும் இடையே 60 முதல் 80 சென்ரிமீற்றர் கிடைத்தால் நல்லது. சட்டம் இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக வந்தால் சட்டங்கள் கோணாமல் இருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் அந்தப் பக்கம் இழுபட்டுவிடும். இடம் நான்கு சுற்று, வலம் நான்கு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். முடிந்ததும் சட்டத்தைப் பிடித்து உலுக்குங்கள். கார் முழுவதும் ஆட வேண்டும், சட்டம் தனியாக ஆடக் கூடாது. சைக்கிளை ஏற்றிய பிறகு டிக்கிக் கதவை ஒரு தடவை முழுதாகத் திறந்து, அது சைக்கிளின் பின் சில்லில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

ராக்கைச் சட்டத்தில் பிடிப்பது பெரும்பாலும் சட்டத்தின் மேல் பிளவில் நுழைகிற, தலை தட்டையான போல்ற். பிளவின் அகலம் 20 மில்லிமீற்றரா 24 மில்லிமீற்றரா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சைக்கிள்தான் ஏற்றுவதென்றால் ராக்கை வலப்பக்கம், சாரதியின் பக்கமாகப் பூட்டுங்கள். நாங்கள் இடப்பக்கம் ஓட்டுவதால் வீதியோர வாகைக் கிளைகளும் வேப்பங்கிளைகளும் முதலில் உரசுவது காரின் இடப்பக்கத்தை. இரண்டு சைக்கிளானால் ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வையுங்கள், ஹாண்டில் ஒன்றோடொன்று மோதாது.

ஏற்றுமுன் கூடை, தண்ணீர்ப் போத்தல், பம்ப், பிள்ளைச் சீற் எல்லாம் கழன்று உள்ளே போக வேண்டும். ஒரு கை மேல் பாரிலும் மறுகை கீழ்ப் பைப்பிலும் பிடித்துத் தூக்கித் தட்டில் வையுங்கள். கவ்வு பைப்பில் உட்காருமிடத்தைத் துடைத்துவிட்டு, பிரேக் வயர் இடையில் அகப்படாமல் இறுக்குங்கள். அடுத்து சில்லுப் பட்டிகள்: பட்டி ரயரையும் றிம்மையும் சேர்த்துச் சுற்ற வேண்டும், கொளுவி றிம்மைத் தொடாமல் ரயர் பக்கத்தில் நிற்க வேண்டும். முன் பட்டியைத் தளர்வாக விட்டால் ஹாண்டில் காற்றுக்குத் திரும்பித் திரும்பிக் கவ்வையும் தளர்த்தும். மழைக்கென்று பொலித்தீன் உறை போடாதீர்கள், அது பாய்மரமாகி முழு ராக்கையும் இழுக்கும். திருகோணமலையிலிருந்து புறப்பட்டால் சீனக்குடா தாண்டியதும் ஒரு தடவை நிறுத்தி எல்லா இறுக்கத்தையும் கையால் சோதியுங்கள், கந்தளாயில் இன்னொரு தடவை.

உயரத்தை எண்ணாகவே மனதில் வைத்திருங்கள். அக்குவா ஏறத்தாழ 1.45 மீற்றர், வாகன் ஆர் 1.65. அதன் மேல் சட்டமும் தட்டும் 12 சென்ரிமீற்றர், சைக்கிள் ஒரு மீற்றர் சொச்சம். மொத்தம் 2.6 முதல் 2.8 மீற்றர் வரை. அளவு நாடாவால் அளந்து, எண்ணை ஒரு துண்டில் எழுதி ஸ்ரியரிங் முன்னால் ஒட்டுங்கள். சைக்கிள் கூரையில் இருப்பது மறந்துபோவது நெடுஞ்சாலையில் நடப்பதில்லை. களைத்து வீட்டுக்கு வந்து போர்ட்டிக்கோவுக்குள் நுழையும்போது நடக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டையின் கல்வாசலுக்கு வெளியிலேயே சைக்கிளை இறக்குங்கள். வளைவு வாசலில் நடுவில் இருக்கிற உயரம் ஓரத்தில் இருக்காது. உள்ளே மிதித்துப் போவது கோட்டைக்குள் திரிகிற மான்களுக்கும் நல்லது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கிண்ணியாப் பாலம் போன்ற வெட்டவெளியில் காற்று பக்கவாட்டில் அறையும். 396 மீற்றர் நீளத்துக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டு சைக்கிள் ஏற்றிய சிறிய காரை அங்கே 40க்கு மேல் ஓட்ட வேண்டாம், பஸ் எதிரே கடக்கிற கணத்தில் ஸ்ரியரிங்கை இரு கையாலும் பிடியுங்கள்.

கடைசியாக உப்பு. உப்புவெளி என்று ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குகிறது. அலுமினியச் சட்டத்தில் ஸ்ரெயின்லெஸ் போல்ற் நுழைகிற இடத்தை ஆறு மாதம் கழித்துக் கிட்டப் பாருங்கள்: போல்ற் தலை மினுங்கிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வெள்ளை மா பூத்தமாதிரி ஒரு வளையம் இருக்கும். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்த வெள்ளைத் தூள் புரியை அடைத்து, கழற்றும்போது போல்ற்றை முறித்துவிடும். பூட்டும்போதே புரியில் மெல்லிய கிறீஸ் பூசுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் குடிநீர்க் குழாயால் ராக்கைக் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாப் போல்ற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். பட்டிகள் வெயிலில் வெளிறி, மடித்தால் கோடு கோடாக வெடிப்புத் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அலன் கீயை எப்போதும் காருக்குள்ளேயே போட்டுவையுங்கள், ராக் பூட்டின் சாவியில் அடித்திருக்கும் இலக்கத்தை மட்டும் வீட்டில் எழுதி வையுங்கள்.